கை எழும்பாத இடம்

உலகம் சுற்றும் அந்த ராக் குழுவோடு அவளும் இருபத்தேழு நாடுகளுக்குப் போய்விட்டாள். ஆனால் பாடகரின் முகத்தை ஒரு கச்சேரியில்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. மேடைக்கு முன்னால் இரும்புத் தடுப்பில் நிற்கிற காவல்காரிக்கு மேடை எப்போதும் முதுகுப் பக்கம். அவள் பார்க்க வேண்டியது கூட்டத்தை. கூட வேலை செய்பவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'சுவர்'.

இன்று குழு அவள் ஊருக்கே வந்திருந்தது. எண்பதாயிரம் பேர். மூன்றாம் வரிசையில் அவள் மகள். "பின்னாடி உட்கார்ந்து பாருடி" என்றால் பதினாறு வயது கேட்குமா? காலையிலேயே வந்து இடம் பிடித்துவிட்டது.

ஐந்தாவது பாட்டுக்கு எல்லோரும் தலைக்கு மேல் கைதட்டுவார்கள். தட்டினார்கள். இடது பக்கம் ஓரிடத்தில் மட்டும் ஒரு கைகூட எழவில்லை. சுவருக்கு உடனே புரிந்தது. அவர்களுக்குப் பாட்டுப் பிடிக்காமல் இல்லை, கை தூக்க இடமில்லை. எள் விழ இடமில்லை என்று பேச்சுக்குச் சொல்வோம். அங்கே நெஞ்சு விரியவே இடமில்லை. மகள் அதற்கு நடுவில் இருந்தாள்.

வாக்கி டாக்கியில் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டாள். "சார், இடது பக்கம் நசுங்குறாங்க. பாட்டை நிறுத்தச் சொல்லுங்க."

"உங்க பொண்ணு நிக்குதுன்னு பதறாதீங்கம்மா. மேலேருந்து பார்த்தா எல்லாம் சரியாத்தான் இருக்கு."

மேலே உட்கார்ந்திருப்பவருக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கும். வேலை போனால் போகட்டும் என்று தடுப்பின் படியில் ஏறினாள். மேடைப் பக்கம் திரும்பி, 'நிறுத்து' என்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காக வைத்தாள். பாடகர் அவளைப் பார்த்துக்கொண்டே இரண்டு வரி பாடினார். அந்த இரண்டு வரி முடிய ஒரு யுகம் ஆனது. பிறகு அவர் கையை உயர்த்தினார், டிரம்ஸ் நின்றது.

"அம்மா! அம்மா!"

இப்போது மகளின் குரல் தெளிவாகக் கேட்டது. எட்டிப் பிடித்தால் எட்டுகிற தூரம்தான். ஆனாலும் சுவர் அவளை விட்டுவிட்டு, பக்கத்தில் உதடு வெளுத்து நின்ற பெண்ணின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். அடுத்து, கண் செருகிய ஒரு தடியன். அடுத்து, தலை தொங்கிய மூவர். ஒவ்வொரு முறையும் "அம்மா!" காதில் அறைந்தது.

ஆறாவது ஆளை இறக்கும்போது அந்தக் குரல் நின்றுவிட்டது.

தடுப்பின் மேல் குப்புற விழுந்து, சட்டையோடு முடியோடு கைக்கு அகப்பட்டதைப் பற்றி மகளை இழுத்துப் போட்டாள். தரையில் கிடந்தவள் ஒரு நீளமான மூச்சு எடுத்தாள். இருமினாள். அழுதாள்.

"எவ்வளவு கத்தினேன்! கண்ணெதிர்ல நான் இருக்க, யார் யாரையோ தூக்குறியே!"

சுவர் அவளருகில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நீ கத்தினவரைக்கும் உனக்கு மூச்சு இருந்துச்சுடி. நிறுத்தினே பாரு, அப்போ எனக்கு நின்னுபோச்சு."