வருஷக் கடைசி ரத்தச் சோதனை

"பொருந்தலை அண்ணே. அந்த எலும்பு உங்க மகனோடது இல்ல" என்று சார்ஜன் கார்த்திகேசு சொன்னதுதான் தாமதம், இராஜம்மா பெஞ்சை விட்டு எழுந்து, ஸ்டேஷன் என்றும் பார்க்காமல் மாரில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அழுதாள். அழுகையா சிரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு சத்தம். கவுண்டரில் இருந்த மலாய்ப் போலீஸ்காரர் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டு வந்து வைத்தார்.

அவள் புருஷன் தம்புசாமிக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. சார்ஜன் கையில் இருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சந்தோஷப்படுங்க லா. இப்படி ஒரு தாளுக்கு எத்தனை பேர் காத்துக்கிட்டு இருக்காங்க தெரியுமா?"

காத்திருந்த கதை தம்புசாமிக்குத் தெரியாததா? மகன் வாசு லோரியில் டிரைவருக்கு உதவியாளாகப் போனவன். போன வருஷம் செப்டம்பரில் ஒரு நாள் காப்பார் வீட்டில் சோறு தின்றுவிட்டுக் கிளம்பினான், அதோடு சரி. ஐந்து மாசம் கழித்து பந்திங் பக்கம் செம்பனைக் காட்டு வாய்க்காலில் ஓர் ஆளின் எலும்பு கிடைத்தது. மண்டை ஓட்டில் வெட்டுக்காயம். கூடவே கழுகு போட்ட ஒரு பெல்ட் பக்கிள். வாசுவிடமும் அந்த மாதிரி ஒன்று இருந்தது. ஆனால் பாசார் மாலாம் ராச்சந்தையில் கழுகு பக்கிள் வாங்காத பையன் கிள்ளானில் எவன்?

பெற்றவர்கள் ரத்தத்தை எடுத்து எலும்போடு ஒத்துப் பார்க்கலாம், அதற்குப் பெயர் டிஎன்ஏ என்று சார்ஜன்தான் சொன்னார். இரண்டு பேரும் கையை நீட்டினார்கள். அப்புறம் மாசக்கணக்கில் ஒன்றுமில்லை. கேட்கப் போகும்போதெல்லாம் சார்ஜன் ஒரே சொல்லைச் சொன்னார்: பெருந்துக்கான். அரசாங்கம் ஒதுக்குகிற பணம். "மருந்து வெளிநாட்டுலேருந்து வரணும் அண்ணே. ஆளைப் பிடிச்சு வச்சிருக்கிற கேசுங்க முதல்ல போகும். யாருன்னே தெரியாத எலும்பு கடைசியிலதான். லேப்புக்கு இந்த வருஷம் குடுத்த பெருந்துக்கான் அவ்வளவுதான்."

அக்டோபரில் பட்ஜெட் வாசித்த அன்று தம்புசாமி ரேடியோ பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சிகரெட் விலை சொன்னார்கள், ரோட்டுக்கு இத்தனை கோடி, பள்ளிக்கூடத்துக்கு இத்தனை கோடி என்றார்கள். எலும்பைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. மறுநாள் தார் கொட்டுகிற இடத்தில் வேலையாட்களை மேய்க்கிற மண்டோர் ராதாகிருஷ்ணனிடம் கேட்டபோது அவர் சிரித்தே விட்டார். "யோவ் தம்பு, நாம போடற ரோட்டுக்கே பணம் வரலைன்னு ரெண்டு மாசமா மண்வெட்டிய வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கோம். உன் எலும்பைத் தனியா வாசிப்பாங்களா? டிசம்பர் வரட்டும் பாரு. செலவு பண்ணாத பணம் திரும்பிப் போயிடும்னு நல்ல ரோட்டைக்கூட நோண்டச் சொல்லுவான்."

அது சத்தியமான வார்த்தை. இருபது வருஷமாக ரோடு போட்டவருக்கு டிசம்பரின் குணம் தெரியும். அதே போலத்தான் லேப்பிலும் வருஷக் கடைசியில் எங்கேயோ ஒரு மிச்சம் கிடைத்து, வாசுவின் முறை வந்து, இப்போது இந்தத் தாளும் வந்திருக்கிறது.

"அப்போ அந்த எலும்பை என்ன செய்வீங்க சார்?"

"சொந்தக்காரங்க இல்லைன்னா, புது வருஷம் பொறந்ததும் முனிசிபல்ல சொல்லிப் புதைச்சிடுவோம். அநாதைப் பொணம்தானே."

தம்புசாமி எழுந்திருக்கப் போனவர் மறுபடி உட்கார்ந்தார். ரொம்ப நாளாக நெஞ்சில் கிடந்த ஒன்றைச் சும்மா விளையாட்டுக்குக் கேட்பது போலக் கேட்டார். "பிறந்த மூணாம் நாள்லேருந்து ஒருத்திகிட்டயே பால் குடிச்சு வளர்ந்த பிள்ளைக்கு, ரத்தம் அவளோட ரத்தமா ஆயிடும் இல்ல சார்?"

"பாலுக்கும் இதுக்கும் என்ன அண்ணே சம்பந்தம்? இது கரு உண்டாகும்போதே எழுதின எழுத்து. பால் குடிச்சா, சோறு தின்னா மாறாது." சார்ஜன் ஃபைலை மூடினார். "ஏன் கேக்கிறீங்க?"

"சும்மாதான் சார்."

மோட்டார் சைக்கிளில் காப்பாருக்குத் திரும்பும்போது பின்னால் இராஜம்மா வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். வாசு சிங்கப்பூருக்குப் போயிருப்பான், யாரோடாவது கோபித்துக்கொண்டு இருக்கிறான், தீபாவளிக்கு வராதவன் பொங்கலுக்கு வருவான். தம்புசாமி ஒரு லோரியின் பின்சக்கரத்துக்குள் போகப் பார்த்துத் தப்பினார்.

எழுபத்தொன்றாம் வருஷம். ரப்பர் தோட்ட லயத்து வீட்டில் இராஜம்மாவுக்கு ஓர் ஆண் பிள்ளை பிறந்தது. வாசு என்று பெயர் வைத்து, ஆபீஸ் கிராணியிடம் சொல்லி, பிறப்புச் சீட்டும் எழுதியாயிற்று. நாலாம் நாள் பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. அதே வாரம்தான் பக்கத்து வீட்டு இராமலிங்கத்தின் பெண்சாதி பிரசவத்தில் போய்ச் சேர்ந்தாள், பிள்ளை மட்டும் தங்கியது. இராஜம்மாவுக்கோ பால் கட்டிக்கொண்டு காய்ச்சல். யார் சொன்னார்கள், யார் தூக்கிக் கொடுத்தார்கள் என்று இப்போது ஞாபகம் இல்லை. பிள்ளை மடியில் வந்து ஒட்டிக்கொண்டது. இராமலிங்கம் ரயில்வேயில் வேலை கிடைத்து பிரிக்பீல்ட்ஸ் போய்விட்டார். செத்த பிள்ளையின் சாவைப் பதிய வேண்டும் என்று கிராணியிடம் போனபோது, "சீட்டு ஒண்ணு இருக்கு, பிள்ளை ஒண்ணு இருக்கு, அப்புறம் என்ன? ரெண்டு தடவை டவுனுக்கு அலையணுமா?" என்றார். அலையவில்லை. ரப்பர் மரத்தடி மண்ணுக்குள் கிடந்தவனின் பெயரும் சீட்டும் மடியில் கிடந்தவனுக்கு வந்துவிட்டது. ஐ.சி. அடையாள அட்டை எடுத்தான், பள்ளிக்கூடம் போனான், லோரி ஏறினான்.

இருபத்து மூன்று வருஷம் அவர் உலையில் வெந்த சோறு. அது ரத்தம் இல்லாமல் வேறு என்ன? அதனால்தான் ஊசிக்குக் கையை நீட்டும்போது தம்புசாமிக்கு ஒரு துளி சந்தேகமும் வரவில்லை. யாரையும் ஏமாற்றவும் இல்லை. சார்ஜன் "அப்பா யாரு?" என்று கேட்டார், "நான்தான் சார்" என்றார். அவ்வளவுதானே நடந்தது?

அப்படியானால் அந்த எலும்பு வாசுவாகவும் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். தாள் வந்த பிறகு, தாள் வராத நாளைவிடக் குழப்பம் கூடிப் போயிற்று.

வீட்டில் இராஜம்மா பாயசம் வைத்தாள். வாசுவின் சட்டைகளை எடுத்துத் தோய்த்துப் போட்டாள். இவளுக்கும்தானே தெரியும், பெற்ற வயிறு எது என்று? தெரிந்து சிரிக்கிறாளா, மறந்து சிரிக்கிறாளா? கேட்கலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்து, "உப்பு இருக்கா?" என்று கேட்டுவிட்டார். பாயசத்துக்கு உப்பு கேட்டவரை அவள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸுக்கு பஸ் ஏறினார். ரயில்வே குவார்ட்டர்ஸ் ஓரத்து டீக்கடையில் இராமலிங்கத்தை வரச்சொல்லி எல்லாவற்றையும் சொன்னார். இராமலிங்கம் தேத்தண்ணீர்க் கிளாசைச் சுற்றிக்கொண்டே இருந்தார். குடிக்கவில்லை.

"நான் அப்பவே குடுத்துட்டேன் தம்பு. குடுத்தது குடுத்ததுதான். இப்ப வந்து ரத்தம் குடுன்னா?"

"நானா கேக்கிறேன்? லேப் கேக்குது லா."

"என் இப்போதைய சம்சாரத்துக்கு இது தெரியாது. ரெண்டு பொண்ணுங்க. பெரியவளுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கேன்."

"உன் பேரு வீட்டுக்கு வராது. சார்ஜன் நம்ம ஆளு. சொல்லிப் பாக்கிறேன்."

இராமலிங்கம் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "அவன் என்னை மாதிரி இருப்பானா?" என்று கேட்டார்.

தம்புசாமி அவர் முகத்தை அப்போதுதான் நன்றாகப் பார்த்தார். அந்தக் காது. மேல் மடிப்பு உள்ளே சுருண்ட, வாசுவுக்கு இருக்கிற அதே காது. இத்தனை வருஷம் அதைத் தன் தாத்தாவின் காது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாரே!

"கொஞ்சம்" என்றார்.

இராமலிங்கம் கிளாசைத் தள்ளி வைத்தார். "ஊசி எந்தக் கையில குத்துவான்?"

அன்றைக்குச் சாயங்காலம் இராஜம்மா வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தம்புசாமி செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார். "இராமலிங்கத்தைப் பார்த்துட்டு வரேன்."

அவள் கை நின்றது.

"உனக்குத் தெரியும்தானே?"

"ஊசி குத்தும்போதே தெரியும்."

"அப்புறம் ஏன் புள்ள சொல்லலை?"

"நீங்க சொன்னீங்களா?"

"எனக்கு பால் குடிச்சா ரத்தம்னு..."

"எனக்கு மட்டும் அப்படி நினைக்க ஆசை இல்லையா?" மீனை மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். செதிள் எல்லாம் எப்போதோ போய்விட்டது, தோலைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள். "பொருந்தினா பொருந்தட்டும், பெத்தவளா ஆயிடுவேன். பொருந்தலைன்னா அவன் எங்கேயோ இருக்கான். ரெண்டுல எது வந்தாலும் எனக்கு நல்லதுன்னு இருந்தேன். அது உங்களுக்குப் பொறுக்கலை."

"அது வாசுவா இருந்தா? அநாதைன்னு புதைச்சிடுவாங்களே!"

அன்று அவள் மீன்குழம்பு வைக்கவில்லை. கழுவிய மீனைப் பூனைக்குப் போட்டுவிட்டு, கொடியில் காய்ந்த வாசுவின் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்தாள். விடிந்ததும் சேலை மாற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் வந்து நின்றாள்.

சார்ஜன் கார்த்திகேசு முழுவதையும் கேட்டு முடித்ததும் பேனாவை மேஜையில் வீசினார்.

"அண்ணே, என்ன வேலை பண்ணியிருக்கீங்க! ஒரு டெஸ்ட்டுக்கு நான் எத்தனை கடிதம் எழுதினேன் தெரியுமா? எத்தனை பெரிய ஆளுங்க கையெழுத்து? அவ்வளவும் லொங்காங்ல, சாக்கடையில போச்சு!"

"போனது போச்சு சார். இப்போ சரியான ஆளைக் கூட்டிட்டு வந்திருக்கோம்." பெஞ்சின் ஓரத்தில் இராமலிங்கம் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆள் சரி, பெருந்துக்கான்? இந்த வருஷத்துக் கணக்கை மூடியாச்சு. திரும்ப முதல்லேருந்து மனு போடணும். ஆறு மாசமோ ஒரு வருஷமோ. காரணம்னு ஒரு இடம் இருக்கு, அதுல என்னத்தை எழுதுவேன்? பால் குடிச்சதாலன்னு எழுதவா?"

"புதைக்காம வச்சிருப்பீங்களா சார்?"

சார்ஜன் நெற்றியைத் தேய்த்தார். "மனு உள்ளே இருக்கிற வரைக்கும் எலும்பைத் தொட முடியாது. அது ஒண்ணுதான் உங்களுக்கு நல்லது." ஃபாரத்தை எடுத்தவர் பாதியில் நிறுத்தினார். "சரி, பொருந்துதுன்னே வச்சுக்குவோம். சாவுச் சீட்டுல என்ன பேரு எழுதறது? வாசுங்கிற பேரு நீங்க ரப்பர் மரத்தடியில புதைச்ச பிள்ளையோடது. இவனுக்குப் பேரே பதியலையே! அப்போ செத்தது யாரு? எழுபத்தொண்ணுல செத்தவனுக்கு இப்போ சீட்டா?"

மூன்று பேரில் அதை யாரும் யோசித்திருக்கவில்லை.

"ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒண்ணு குடுங்க சார்" என்றாள் இராஜம்மா. "ரெண்டு பேருக்கும் நான்தான் அழணும்."

சார்ஜன் ஃபாரத்தை இராமலிங்கத்தின் பக்கம் திருப்பிவிட்டுக் கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று விரலால் காட்டினார். சோதனைக்கு ஆளை அழைத்துப் போக ஒரு போலீஸ்காரர் வந்தார். இராமலிங்கம் எழுந்தார். இராஜம்மாவும் எழுந்து, ஜாக்கெட் கையை முழங்கைக்கு மேலே மடக்கிக்கொண்டாள்.

"உங்க ரத்தம் வேணாம்மா. ஏற்கெனவே எடுத்தாச்சு, அது சேராது."

"தெரியும் சார்."

தெரியும் என்று சொன்னாளே தவிர, மடக்கிய கையை அவள் இறக்கவில்லை. போலீஸ்காரருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சார்ஜனைப் பார்த்தார். சார்ஜன் தம்புசாமியைப் பார்த்தார்.

தம்புசாமி எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்று, தன் சட்டைக் கையையும் மடக்க ஆரம்பித்தார்.