ஆட்டுப்பால் குடித்த நாய்

நூற்றிருபது புலா பணம். பக்கத்துப் பட்டிக்காரர் ரா ஒத்சிலேயிடம் நாய்க்குட்டி வாங்கிய வகையில் நான் தர வேண்டிய கடன் அது. அதற்கு அவர் ஒரு நிபந்தனையும் வைத்திருந்தார்.

"குட்டி என் வீட்டுக்கே திரும்பி ஓடி வந்துட்டா நீ ஒரு காசு தர வேண்டாம். முதல் மழை வரைக்கும் உன் ஆடுங்களோட நின்னுச்சுன்னா முழுசா வெச்சுடணும்."

"நிக்கும் ரா," என்றேன். பெரியவர்களை நாங்கள் 'ரா' என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவோம்.

"முயல் விரட்டுற நாய்க்குப் பொறந்தது அது. ஆட்டுக்கு நடுவுல உக்காந்து அசை போடுமாக்கும்!"

ஆட்டு நாயை நாங்கள் வீட்டில் வளர்ப்பதில்லை. கண் திறந்ததும் பட்டிக்குள் விட்டுவிடுவோம். ஆட்டின் மடியில் பால் குடிக்கும், குட்டிகளோடு படுக்கும். யாரும் தடவிக் கொடுக்கக் கூடாது. ஆடுகளோடு நின்று காட்டும் வரை பெயரும் கிடையாது.

குட்டியை இழந்திருந்த திலோடி என்ற வரி ஆடு அதற்கு மடி கொடுத்தது. ஆடு பேசுமா என்று கேட்காதீர்கள். வருஷம் முழுக்க அதுகளோடு நடப்பவனுக்குக் கேட்கும்.

"கொம்பு எப்படா முளைக்கும் உனக்கு?" என்று வெள்ளாட்டுக் குட்டிகள் கேலி செய்யும்.

"முளைக்கும் முளைக்கும், உங்களுக்கென்ன?" என்று அதுவும் முட்டப் போகும்.

குளிர்காலத்தில் நான் ஆழ்துளைக் கிணறு பழுதுபார்க்கும் வேலைக்கு மூன்று நாள் போயிருந்தேன். திரும்பி வந்தால் நாய் அடுப்படியில் கிடக்கிறது.

"நடுங்குச்சுப்பா," என்றாள் என் மகள் செய்போனே.

"நீ தொட்டா அது உனக்கும் இல்ல, ஆட்டுக்கும் இல்லடி!"

பட்டியில் கொண்டுபோய் விட்டேன். ஆடுகள் விலகி ஓடின.

"புகை நாத்தம்! இது வீட்டு ஆளு," என்றன. திலோடியே கொம்பால் தள்ளிவிட்டது. நாய் முள்வேலிக்கு வெளியே போய்ச் சுருண்டு படுத்தது. இரண்டு நாள் நான் வைத்த கூழைத் தொடவில்லை.

மூன்றாம் நாள் மதியம், மேய்ச்சலில், ரா ஒத்சிலேயின் வேட்டை நாய்கள் மூன்று அந்தப் பக்கம் வந்தன.

"டேய் தம்பி, ஆட்டுப் புழுக்கைக்கு நடுவுல என்னடா பண்ற? முயல் கிடக்கு, வா!"

போய்விட்டது. நான்கும் புழுதி கிளப்பிக்கொண்டு ஓடுவதைப் பார்த்தேன். நூற்றிருபது புலா மிச்சம்தான். ஆனாலும் அந்தப் புழுதியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது வறண்ட ஆற்றுப் பக்கம் ஒரு ஆட்டுக்குட்டி அலறியது. நரி. நான் தடியோடு ஓடினேன், எட்டாத தூரம்.

நான்கு நாய்களில் மூன்று முயலின் பின்னாலேயே போயின. ஒன்று நின்றது. காதை உயர்த்தியது. பிறகு போன வேகத்தைவிட வேகமாகத் திரும்பி ஓடி வந்தது.

நரி அதைவிடப் பெரியது. நாய் நடுவில் புகுந்து நின்று குரைத்தது. காது கிழிந்தது. நகரவில்லை. சிதறி நின்ற ஆடுகளெல்லாம் அதன் முதுகுக்குப் பின்னால் வந்து கூடின. நான் போய்ச் சேர்வதற்குள் நரி புதருக்குள் மறைந்துவிட்டது.

திலோடி வந்து கிழிந்த காதை நக்கியது.

"புகை நாத்தம் போயிடுச்சா?" என்று ஒரு குட்டி கேட்டது.

"இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்," என்றது திலோடி.

முதல் மழை பெய்த மறுநாள் ஆடுகளை ரா ஒத்சிலேயின் வாசல் வழியாகவே ஓட்டிப் போனேன். தாய் நாய் ஓடி வந்து முகர்ந்தது. என் நாயும் முகர்ந்தது, வாலாட்டியது, பிறகு ஆடுகளுக்குப் பின்னால் தன் இடத்துக்குப் போய் நின்றுகொண்டது.

ரா ஒத்சிலே தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"என்ன பேரு வெச்ச?"

"மொதிசா."

"மேய்ப்பனா! பேஷ்."

ஒரு நூறு, இரண்டு பத்து. எண்ணி அவர் கையில் வைத்தேன்.

"கடன் கட்டுறவன் இப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்லப்பா," என்றார்.

"வாங்கிக்கோங்க ரா," என்றேன். மொதிசா அதற்குள் ஆடுகளைப் பாதை வளைவு வரைக்கும் கொண்டுபோயிருந்தது.