வராதவர்களைக் கேட்டேன்

கேள்வி கேட்பது என் தொழில். வாடிக்கையாளர்களிடம் எதைக் கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று நிறுவனங்களுக்கு எழுதிக் கொடுக்கிறேன். குளிர்சாதனப் பெட்டி வாங்கியவர், காப்பீடு எடுத்தவர், பல் பிடுங்கிக்கொண்டவர், யாரையும் நான் சும்மா விட்டதில்லை. அந்தத் திமிரில்தான் என் கணவரின் மூக்குக்கண்ணாடிக் கடையை நானே காப்பாற்றுவதாக வாயை விட்டேன்.

கடையில் ஆறு மாதமாகக் கூட்டம் இல்லை. பெரிய ஷோரூம் ஒன்று அவரை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. மாதம் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். போவதென்றால் கடையை மூடிவிட வேண்டியதுதான்.

"அதுக்கு முன்னாடி ஒரு கருத்துக் கணிப்பு எடுத்துடலாங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எடுக்கலாம்" என்றார்.

பன்னிரண்டு கேள்விகள். வழவழப்பான தாள். முதல் கேள்வி: 'எங்கள் கனிவான சேவை உங்களுக்கு எந்த அளவுக்குப் பிடித்திருக்கிறது?' அலுவலகத்தில் யாராவது இப்படி எழுதியிருந்தால் கூப்பிட்டு உட்காரவைத்து அரை மணி நேரம் பாடம் எடுத்திருப்பேன். சொந்தக் கடை என்றதும் கை தானாக 'கனிவான' என்று எழுதிவிட்டது.

கண்ணாடி வாங்க வந்தவர்களிடம் அவரே தாளை நீட்டினார். அவர் கண் முன்னாலேயே நிரப்பி, அவர் கையிலேயே கொடுத்தார்கள். நாற்பத்தொரு தாள். நாற்பத்தொன்றிலும் 'மிகவும் திருப்தி'. நான் அதை வரைபடமாகப் போட்டு, வண்ணம் தீட்டி, சாப்பாட்டு மேசையில் விரித்தேன்.

என் நாத்தனார் எட்டிப் பார்த்தாள். அவள் என்னைக் கூப்பிடுவது அண்ணி என்று. நான் இல்லாதபோது 'கொஸ்டின் பேப்பர்' என்று சொல்வதும் எனக்குத் தெரியும்.

"எல்லாரும் திருப்தியா இருக்காங்களே அண்ணி, அப்புறம் ஏன் கடை ஈ ஓட்டுது?"

"அதைத்தான் ஆராயணும்."

"வந்தவங்களைக் கேட்டீங்க. வராதவங்களை யாரு கேக்கறது?"

இதைச் சொல்ல எனக்கு மாதச் சம்பளம் தருகிறார்கள். அவள் தலை வாரிக்கொண்டே ஓசியில் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் ஆர்டர் நோட்டைப் புரட்டி, பழைய வாடிக்கையாளர்களில் வராமல் நின்றுபோன ஒன்பது பேரின் எண்களை எடுத்தேன். முதல் இரண்டு பேரிடம், "ஒன்றிலிருந்து ஐந்துக்குள்..." என்று ஆரம்பித்ததுமே போனை வைத்துவிட்டார்கள். அதன்பிறகு தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொண்டேன். அடுத்து எடுத்தவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர்.

"கண்ணாடிக் கடையிலேர்ந்து பேசறேங்க. கடைசியா நீங்க வந்த அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்ல முடியுமா?"

"அன்னைக்கு சனிக்கிழமைம்மா. கல்லாகிட்ட ஒரு அம்மா இருந்தாங்க. நான் ஆசையா ஒரு ஃப்ரேமை எடுத்துப் போட்டேன். 'உங்க முகத்துக்குப் பத்துக்கு மூணு'ன்னாங்க. இன்னொண்ணு போட்டேன். அதுக்கு நாலரை."

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. ஏழெட்டு மாதமாக அன்று கடைக்குப் போய் அவருக்கு ஒத்தாசை செய்கிறேன் என்று கல்லாவில் உட்காருவது நான்தான். மதிப்பெண் போட்டால் வாங்குகிறவர்களுக்குத் தேர்ந்தெடுக்கச் சுலபமாக இருக்கும் என்பது என் கண்டுபிடிப்பு.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் டிவி எத்தனை அடி தூரம், பேப்பர் எத்தனை நிமிஷம் படிப்பீங்க, போன கண்ணாடி ஏன் பிடிக்கலைன்னு குடைஞ்சு எடுத்துட்டாங்க. முப்பது வருஷம் கண்டக்டரா இருந்தேன். நான்கூட ஜனங்களை இவ்வளவு கேட்டதில்லைம்மா."

"கடைக்காரர்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"அவரு நல்ல மனுஷன். அந்த அம்மா பேசறப்ப அவரு மூஞ்சியைப் பாத்தா, நம்மளைவிட அவருக்குத்தான் கஷ்டம் ஜாஸ்தின்னு தோணும்."

மிச்சம் ஆறு பேரில் ஐந்து பேர் இதையே வேறு வேறு வார்த்தைகளில் சொன்னார்கள். ஒருவர் மட்டும் ஊர் மாறிப் போயிருந்தார். குறிப்பேட்டில் தொழில் பழக்கத்தில் 'காரணம்: அ.அ.' என்று சுருக்கி எழுதியிருந்தேன். அந்த அம்மா.

கடைக்குப் போனேன். உள்ளே ஆளே இல்லை. அவர் ஒரு கண்ணாடிக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"எது?"

"கூட்டத்தை விரட்டினது நான்தான்னு."

திருப்புளியை மெதுவாகக் கீழே வைத்தார். "தெரியும்."

"அப்ப ஏங்க சொல்லலை?"

"உன் தாள்ல அதுக்குக் கட்டமே இல்லையே."

"விளையாடாதீங்க. கடையே போகப்போகுது!"

"சொன்னா நீ வரமாட்டே" என்றார். "வாரத்துல ஆறு நாள் நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சனிக்கிழமை ஒரு நாள்தான் நாள் முழுக்க உன்னைப் பாத்துட்டு இருக்கேன். ஷோரூம் வேலைன்னா சனி, ஞாயிறு லீவாம்."

ஆக, என்னிடம் வாயைக் கொடுப்பதைவிடக் கடையை மூடுவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இவரிடம் உருப்படியாக ஒரு கேள்வி கேட்டிருக்கிறேனா என்றும் தோன்றியது.

"பின்னாடி லென்ஸ் தேய்க்கிற ரூம்ல எனக்கு வேலை இருக்குமா?"

"இருக்கு. சத்தமில்லாம செய்யற வேலை."

"உங்களைப் பாக்க முடியுமா?"

"மதியச் சாப்பாடு அங்கதானே. நான் உள்ள வந்துடறேன்."

அங்கேயே நின்று கண்டக்டரைக் கூப்பிட்டேன்.

"ஐயா, கண்ணாடிக் கடை. அந்த அம்மா இனிமே கல்லாவுல இருக்கமாட்டாங்க. நீங்க தாராளமா வரலாம்."

"ஐயையோ, வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா? நான் சொன்னதாலயா?"

"தூக்க முடியாதுங்க. முதலாளி கட்டிக்கிட்டாரு."

"அப்ப நீங்க யாரும்மா பேசறது?"

"அந்த அம்மாதான்."

இதைக் கேட்டு என் கணவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு தன் போனை எடுத்து ஷோரூம்காரருக்கு, "நான் வரலைங்க, கடையைப் பாத்துக்கறேன்" என்று சொல்லத் தொடங்கினார்.

"சனிக்கிழமை பத்து மணிக்கு வரேன்" என்றார் கண்டக்டர். "நீங்க எங்க இருப்பீங்க?"

"பின்னாடி ரூம்லங்க."

"அதுக்குக் கதவு இருக்கா?"