நாலாவது மாடியிலிருந்து படித்துறைக்கு

எர்மானோவின் சவப்பெட்டியை இறக்க நான்கு பேர் வேண்டும். படகுக்காரன் ரென்சோவும் அவன் கூட்டாளியுமாக வந்திருந்தது இரண்டே பேர். பதினோரு மணிக்குள் கிளம்பாவிட்டால் கால்வாயில் கடல்நீர் ஏறிவிடும்; முனைப் பாலத்துக்கு அடியில் படகு நுழையாது. அப்புறம் தள்ளுவண்டியில் வைத்து, செல்ஃபி எடுக்கிற கூட்டத்துக்கு நடுவே வழி கேட்டுக் கேட்டுத்தான் போக வேண்டும். அப்படி அனுப்ப நீவெஸுக்கு மனமில்லை. தண்ணீர் வழியாக அனுப்பு என்று அவள் கணவர் எர்மானோ சாகும்முன் கேட்டது அது ஒன்றைத்தான்.

"பக்கத்து வீட்டு ஆம்பளைங்க ரெண்டு பேரக் கூப்பிடேன் அக்கா," என்றான் ரென்சோ.

"எந்தப் பக்கத்து வீடு? நீ எந்தக் காலத்துல இருக்க?"

இந்தக் கட்டடத்தில் இறந்த பதினோரு பேரை எர்மானோதான் முன்னால் நின்று இறக்கினார். அவருக்குத் தோள் கொடுக்க இன்று ஆளில்லை. வெனிஸில் வீட்டுக்கு என்ன குறைச்சல், குடியிருக்கத்தான் நாதியில்லை. கதவுக்குக் கதவு எண்பூட்டுப் போட்ட சாவிப்பெட்டி தொங்குகிறது. எல்லாம் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகை; வாரத்துக்கு ஒரு முகம்.

மூன்றாம் மாடியில் நடுவயது அண்ணன் தம்பி இருவர் வந்து தங்கியிருந்தார்கள். எந்த நாடோ. வந்த அன்றே பாலத்துப் படிகளில் சூட்கேஸைத் தடதடவென்று இழுத்ததற்காக, "தூக்குங்கடா, தூக்கிட்டுப் போங்கடா" என்று எர்மானோ ஜன்னலில் நின்று தெருவே கேட்க வைதார். அவர் கடைசியாகச் சண்டை பிடித்தது அவர்களோடுதான்.

நீவெஸ் மானத்தை விழுங்கிக்கொண்டு அந்தக் கதவைத் தட்டினாள். மேலே கை காட்டினாள். தன் தோளைத் தொட்டுக் காட்டி, இரண்டு விரலை நீட்டினாள். அண்ணன்காரர் தலையாட்டினார். உள்ளே போய்க் கறுப்புச் சட்டை மாற்றிக்கொண்டு தம்பியோடு வந்தார்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் பெட்டி சிக்கிக்கொண்டது. எர்மானோவுக்கு மட்டுமே பிடிபட்ட திருப்பம் அது. ஆனால் பதினோரு தடவையும் நீவெஸ் மேலே நின்று அவர் குரலைக் கேட்டிருக்கிறாள்.

"தலைமாட்ட உசத்து. கால்மாட்ட செவுத்தோட ஒட்டு. மெதுவா, மெதுவா. அவரு எங்கயும் ஓடிடமாட்டாரு."

கையை ஆட்டி ஆட்டி அவள் சொன்னது, ஒவ்வொரு சாவுக்கும் அவர் சொன்ன அதே வார்த்தைகள்தான். அந்நியர்கள் அவள் கையையே பார்த்துத் திருப்பினார்கள். பெட்டி இறங்கியது. பாலத்துக்கு அடியில் ஒரு சாண் இடைவெளியில் படகு நுழைந்தபோது படகிலிருந்த எல்லோரும் தலை குனிந்தார்கள். நீவெஸ் அங்கேதான் அழுதாள்.

மறுநாள் காலை கீழ்க்கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. நீவெஸ் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். சக்கரச் சத்தம் வரவில்லை. ஜன்னலைத் திறந்தாள். அண்ணனும் தம்பியும் கனத்த சூட்கேஸ்களைக் கையில் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க, பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்குத் தாங்கவில்லை.

"எறக்கி வைங்கப்பா," என்று கத்தினாள். "இழுத்துக்கிட்டே போங்க. திட்டறதுக்குத்தான் அவரு இல்லையே."

அண்ணன்காரர் திரும்பிப் பார்த்தார். அவருக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஏதோ தப்பாகிவிட்டது என்று பயந்து, சூட்கேஸை இன்னும் சற்று உயரத் தூக்கிக்கொண்டார்.