ஹாலில் மூச்சு விடக் கூடாது

பல் டாக்டர் தன் கிளினிக்கில் ஒரு நாளைக்கு இருபது பேரை வாயைத் திறக்கச் சொல்கிறவள். வீட்டுக்கு வந்ததும் அவள் செய்யும் முதல் வேலை, ஹாலில் இருக்கும் ஐந்தடி உப்புத்தண்ணீர்த் தொட்டியில் பவளங்கள் திறந்திருக்கின்றனவா என்று பார்ப்பது. ஒரு மாதமாக அவை சரியாகத் திறக்கவில்லை. விரல் விரலாக நீட்டிக்கொண்டு ஆடும் பச்சைப் பவளம் பாதி உள்ளே இழுத்துக்கொண்டு, முகம் கொடுக்காத சம்பந்தி மாதிரி உட்கார்ந்திருந்தது.

தொட்டியின் பி.எச். மீட்டர் 7.7 என்று காட்டியது. 8.2 இருக்க வேண்டும். பி.எச். இறங்கினால் தண்ணீர் அமிலத்தின் பக்கம் சாய்கிறது என்று பொருள். பவளமோ சுண்ணாம்பால் தன் எலும்பைக் கட்டிக்கொள்ளும் உயிர். அமிலம் அதற்கு என்ன செய்யும் என்று பல் டாக்டருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கடையில் விற்கும் பவுடரைக் கரைத்து ஊற்றினாள். கொஞ்ச நேரம் ஏறும், சாயங்காலத்துக்குள் இறங்கிவிடும்.

அவள் புருஷன் ஏ.சி. மெக்கானிக். கிளினிக்கில் ஏ.சி. ஒழுகியபோது சரிசெய்ய வந்தவன், அப்படியே ஒரு கடைவாய்ப் பல்லையும் காட்டிவிட்டுப் போனான். மூன்றாம் மாதம் கல்யாணம் பேச வந்தான். குளிர்ந்த காற்று ஒரு பொட்டுகூட வீணாகக் கூடாது என்பது அவனுடைய கொள்கை. ஜன்னல் விளிம்பெல்லாம் ரப்பர், கதவுக்கு அடியில் பிரஷ் பட்டை. சாவித்துவாரத்தில்கூட பஞ்சு வைத்திருந்தான்.

இந்த வீட்டுக்குத்தான் அவனுடைய தம்பி மூன்று வாரம் தங்க வந்தான். தம்பி கால்பந்து நடுவர். குடும்பத்தில் எல்லாருக்கும் அவன் ‘விசில்’. பெரிய ஆட்டங்களுக்கு நடுவராகப் போக ஓட்டத் தேர்வு ஒன்று இருந்தது. வெயில் கொளுத்தியதால், சாயங்காலம் ஹாலிலேயே, தொட்டிக்கு முன்னால் நின்ற இடத்தில் முக்கால் மணி நேரம் ஓடினான்.

முதல் நாளே மீட்டர் 7.6க்கு இறங்கியது.

டாக்டருக்குச் சந்தேகம் தட்டியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தொட்டித் தண்ணீரை இரண்டு டம்ளரில் எடுத்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன காற்று மோட்டாரின் குழாயை விட்டாள். ஒன்றை ஹாலில் வைத்தாள், இன்னொன்றைப் பால்கனியில் வைத்துக் கதவைச் சாத்தினாள். ஒரு மணி நேரம் இரண்டும் குமிழ் விட்டன. ஹால் டம்ளர் 7.7லேயே நின்றது. பால்கனி டம்ளர் 8.2.

“ஒரே தண்ணி. வெளிக்காத்து பட்டதும் சரியாயிடுச்சு” என்றாள் புருஷனிடம்.

“அப்போ தண்ணியில கோளாறு இல்லைங்கிற.”

“வீட்டுக் காத்துலதான் கோளாறு. நாம விடற மூச்செல்லாம் வெளிய போக வழியில்ல. அந்தக் கரியமில வாயு தண்ணியில கரைஞ்சு அமிலமாகுது. நான் பவுடர் போட்டு என்ன பிரயோஜனம்? ஜன்னலத் தொறக்கணும்.”

ஜன்னல் என்ற வார்த்தையைக் கேட்டதும் மெக்கானிக்கின் முகம், சொத்தை விற்கச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது. “வேற எது வேணா சொல்லு” என்றான்.

அவள் கரியமில வாயுவை அளக்கும் சின்ன மீட்டர் ஒன்றை வாங்கிவந்து தொட்டிக்குப் பக்கத்தில் மாட்டினாள். வெளியே நானூற்றுச் சொச்சம் காட்டிய மீட்டர், ஹாலுக்குள் ஆயிரத்து இருநூறு காட்டியது. விசில் ஓடி முடித்தபோது இரண்டாயிரத்து நூறு.

இது எதற்கான எண் என்று விசிலுக்கு யாரும் சொல்லவில்லை. எண் ஏறினால் நல்லது என்று அவனாக நினைத்துக்கொண்டான்.

“அண்ணி, நேத்து ரெண்டாயிரத்து நூறு, இன்னைக்கு ரெண்டாயிரத்து முந்நூறு” என்றான் மறுநாள், வியர்வையைத் துடைத்துக்கொண்டே. “நாளைக்கு ரெண்டாயிரத்து ஐந்நூறத் தாண்டிடறேன்.”

டாக்டரால் பொறுக்க முடியவில்லை. அவனை உட்காரவைத்து நிதானமாக விளக்கினாள். விசில் பச்சைப் பவளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பெனால்டியைத் தப்பாகக் கொடுத்துவிட்ட நடுவரின் முகம் அது.

“ஏன் அண்ணி முதல்லயே சொல்லல? நான் மூச்சு விட்டு இதுங்க சாகுறதா?”

“சாகலப்பா. சுணங்கிப் போச்சு, அவ்வளவுதான்.”

அன்றிலிருந்து விசில் ஹாலைக் கடக்கும்போதெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டான். அறையிலிருந்து சமையலறைக்குப் போக வேண்டுமானால், வாசலில் நின்று நெஞ்சு நிறைய இழுத்து, கன்னம் இரண்டும் உப்ப, தொட்டியைத் தாண்டி ஓடி, அடுப்புப் பக்கம் போய் ‘புஸ்’ஸென்று விடுவான். அது தப்பு என்று டாக்டருக்குத் தெரியும். சமையலறையில் விட்டாலும் அதே வீட்டுக்குள்தானே சுற்றும். ஆனால் அவன் அவ்வளவு சிரத்தையாகச் செய்வதைப் பார்த்து அவளுக்குச் சொல்ல மனம் வரவில்லை. மூன்றாம் நாள் அவளே தன்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஹாலைத் தாண்டினாள். அவளைப் பார்த்து மெக்கானிக்கும் அப்படியே தாண்டினான்.

கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவர் வாசலில் நின்று மூன்று பேரையும் பார்த்தார். மூன்று பேரும் கன்னத்தை உப்பிக்கொண்டு அவரைப் பார்த்தார்கள். அவர் மெதுவாகக் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“கேஸ் லீக்குங்களா?” என்றார்.

இல்லை என்று மூன்று தலைகளும் ஆடின. அவர் நம்பவில்லை. மீட்டரைத் தூரத்திலிருந்தே படித்துவிட்டு, படியை இரண்டிரண்டாக இறங்கினார்.

இது சரிப்படாது என்று டாக்டர் வேறு வழி யோசித்தாள். தொட்டிக்கு அடியில் ஸ்கிம்மர் என்ற கருவி உண்டு. காற்றை இழுத்து, தண்ணீருக்குள் பொடிக் குமிழாக அடித்து, அழுக்கை நுரையாக வெளியே தள்ளும். இழுக்கிற காற்று ஹால் காற்றாக இல்லாமல் வெளிக்காற்றாக இருந்தால் போதுமே. பால்கனிக் கதவின் மூலையில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை போட வேண்டும் என்றாள். மெக்கானிக் இரண்டு நாள் துக்கம் காத்துவிட்டு, தானே துளை போட்டான். சுற்றிலும் பசையைப் பூசி, ஒரு பிளாஸ்டிக் குழாயைப் பால்கனிக்கு இழுத்தான்.

மறுநாள் காலையில் பி.எச். 8.0. மத்தியானம் 8.1. டாக்டர் கிளினிக்கிலிருந்தே விசிலுக்குப் போன் செய்து கேட்டுக்கொண்டாள். ஒரு நோயாளியின் வாயில் பஞ்சை வைத்தபடி, “எட்டு புள்ளி ஒண்ணா? அப்பாடா” என்றாள். தன் பல்லுக்கு ஏதோ மதிப்பெண் போடுகிறார்கள் என்று அந்த ஆள் சந்தோஷப்பட்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பார்த்தால் 7.8.

அதற்கு அடுத்த நாளும் அப்படியே. பகலெல்லாம் ஏறுகிறது, சரியாக ஐந்து மணிக்குச் சரிகிறது. ஸ்கிம்மரைக் கழற்றிக் கழுவினாள். குழாயில் அடைப்பா என்று ஊதிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் நோயாளிகளை அசிஸ்டென்ட் டாக்டரிடம் விட்டுவிட்டு நாலே முக்காலுக்கே வந்து, பால்கனித் திரைக்குப் பின்னால் நின்றாள்.

ஐந்து மணிக்கு விசில் வந்தான். ஹாலில் ஓடுவதை விட்டவன், இப்போது பால்கனியில் ஓடிக்கொண்டிருக்கிறான். அதில் தப்பில்லை. ஆனால் அவன் நின்று ஓடிய இடம் குழாயின் வாய்க்கு நேர் எதிரே. ஓடி முடித்ததும் ஒரு முக்காலியைப் போட்டு, குழாய்க்கு நாலு விரல் தள்ளி முகத்தை வைத்து, கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டு புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்கினான்.

டாக்டர் திரையை விலக்கினாள். “என்னப்பா பண்ற?”

“காவல் காக்குறேன் அண்ணி.”

“எதுக்கு?”

“இந்தக் குழாய்க்குள்ள பல்லி, குளவி ஏதாவது பூந்துட்டா? பவளம் பாவம் இல்லையா? என்னால கெட்டுது, நானாவது கூட இருந்து பாத்துக்கணும்ல.”

டாக்டருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, வாயு மீட்டரைக் குழாயின் வாய்க்கருகில் பிடித்துக் காட்டினாள். விசில் எண்ணைப் பார்த்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

“அப்போ இங்கயும் நான்தானா?”

“இங்கயும் நீதான்.”

அவன் ஊருக்கே கிளம்புகிறேன் என்று பையை எடுத்தபோதுதான் மெக்கானிக் வேலை முடிந்து வந்தான். நடந்ததைக் கேட்டான். ரொம்ப நேரம் தம்பியையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு பெட்டியிலிருந்து சின்னக் கத்தியை எடுத்து, ஜன்னலோரத்து ரப்பரைத் தானே உரித்தான். இரண்டு ஜன்னலையும் திறந்துவிட்டான். கீல்கள் இறுகியிருந்ததால் அவை பூனை மாதிரி கத்தின.

“பையை வைடா” என்றான் தம்பியிடம். “ஒரு பவளப் பூச்சிக்காக உன்னத் தொரத்தினேன்னு நாளைக்கு ஊரெல்லாம் பேசும்.”

அரை மணி நேரத்தில் வாயு மீட்டர் ஐந்நூறுக்கு வந்தது. மறுநாள் விடிந்தபோது தண்ணீர் 8.2. பச்சைப் பவளம் எல்லா விரல்களையும் வெளியே விட்டு ஆடிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் அதன் முன்னால் உட்கார்ந்து, ஆசை தீர மூச்சு விட்டுக்கொண்டே காப்பி குடித்தார்கள்.

விசில் தேர்வில் தேறினான். மெக்கானிக்குக்குத்தான் ஜன்னலைத் திறந்த பெருமையில் தலைகால் புரியவில்லை. மீட்டரை எடுத்துக்கொண்டு போய், ஏ.சி. பழுது பார்க்கும் வீடுகளிலெல்லாம் காட்டத் தொடங்கினான். “கொஞ்சம் ஜன்னலத் தொறந்து வைங்க சார்” என்றான். ஒரு வாரத்தில் கம்பெனி மேலாளர் அவனைக் கூப்பிட்டனுப்பினார். வாடிக்கையாளர் ஒருத்தி ஜன்னலைத் திறந்துவிட்டு, ஏ.சி. வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டாளாம்.