தேர்தல் வாளிகள்

பள்ளிக்கூடம் பெருக்கும் ஸ்டெலூட்சாவிடம் ருமேனியத் தலைநகர் புக்காரெஸ்டிலிருந்து வந்த நிருபர் கேட்டான்: “சவோயானு, தொமோசி, ரெண்டு பிரதமரையும் பாத்துட்டீங்க. யாரு தேவலை அக்கா?”

அவள் அலுப்போடு நடைக்கூடத்தைக் காட்டினாள். மழைக்குக் கூரை இரண்டு இடங்களில் ஒழுகிக்கொண்டிருந்தது. கீழே, தேர்தலுக்குக் கொடுத்த இரண்டு பிளாஸ்டிக் வாளிகள்; ஒன்றில் சவோயானுவின் சிரித்த முகம், மற்றதில் தொமோசியுடையது.

“அவன் எட்டு வருஷம் ஆண்டான், இவன் ஆறு. ரெண்டு பேருமே இந்தக் கூரையை மாத்தித் தரேன்னு சொல்லித்தான் வீட்டுக்கொரு வாளி குடுத்தானுங்க. சவோயானு வாளி கொஞ்சம் பெருசு. வேற வித்தியாசம் எனக்குத் தெரியல தம்பி.”

“அப்ப இந்தத் தடவை யாருக்கு ஓட்டு?”

கூரையில் புதிதாக ஓர் இடத்திலிருந்து நிருபரின் நோட்டில் சொட்டு விழுந்தது. ஸ்டெலூட்சா அண்ணாந்து பார்த்தாள்.

“எவன் வாளி குடுக்கிறானோ, அவனுக்குத்தான்.”