முகம் போட்ட பனியன்

பள்ளிக்கூட மைதானத்துக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நுழைந்த உமாராணி, எந்தப் பக்கம் திரும்பினாலும் செத்துப்போன புருஷன் தன்னைப் பார்த்துச் சிரிப்பதைக் கண்டு நின்றுவிட்டாள். சைக்கிள் பேரணிக்கு எழுநூறு பேர் வருவார்கள் என்று, அதை நடத்துகிற ஆண்ட்ரூஸ் அண்ணாச்சி சொல்லியிருந்தார். எழுநூறு பேரும் சக்திகுமாரை நெஞ்சில் மாட்டிக்கொண்டு வருவார்கள் என்று சொல்லவில்லை. தொப்பை பெருத்தவர்கள் மேல் அவன் கன்னம் உப்பியிருந்தான். ஒல்லிப் பையன்கள் மேல் வாய் கோணியிருந்தான். ஒருவர் கழுத்துப் பட்டியில் செருகியிருந்த கறுப்புக் கண்ணாடி அவன் நெற்றியில் தொங்கி ஆடியது.

"அக்கா, ஒங்களுக்கு எடுத்து வச்சிருக்கேன்" என்று ஆஸ்லின் ஒரு பனியனை நீட்டினாள். மருந்துக் கடையில் உமாராணியோடு வேலை பார்க்கிற பெண். "போட்டுக்கிடுங்க. நீங்களே போடலன்னா நல்லாவா இருக்கும்?"

சுடிதாருக்கு மேலேயே மாட்டிக்கொண்டாள். மாட்டும்போதுதான் படத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். கல்யாணத்தில் எடுத்தது. அவன் தோளோரத்தில் மயில்கழுத்து நிறத்தில் நகக்கீற்று அளவுக்கு ஏதோ ஒட்டியிருந்தது. அது அவள் கூறைச்சேலை. மிச்சத்தை வெட்டியிருந்தார்கள்.

"இந்தப் படத்த யாரு குடுத்தா?"

"ஒங்க மைனிதான். அண்ணாச்சி இடைசெவலுக்கே போயி வாங்கிட்டு வந்தாவ."

புருஷனின் அக்காளைத் தவிர வேறு யாருக்கு இவ்வளவு சுத்தமாக வெட்ட வரும் என்று உமாராணி நினைத்துக்கொண்டாள்.

சக்திகுமார் போய் வருஷம் திரும்பப் போகிறது. கயத்தாறு விலக்கில் லாரி தட்டி, மூளைச்சாவு என்று சொல்லிவிட்டார்கள். உறுப்புகளைத் தானம் செய்ய உமாராணி கையெழுத்துப் போட்டாள். கோவில்பட்டி அவளைக் கொண்டாடியது. டயாலிசிஸ் செய்ய வழியில்லாதவர்களுக்கு நிதி திரட்டுவதற்காக அண்ணாச்சியின் சங்கம் இந்த சைக்கிள் பேரணியை அவன் பேரிலேயே வைத்தது. கொண்டாடாத வீடு ஒன்றே ஒன்றுதான். அது அவள் வாழ்க்கைப்பட்ட வீடு.

அவர்கள் கோபம் கையெழுத்தின் மேல் இல்லை. அன்றைக்கு அவனை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தபோது, நீர்மாலை எடுத்து வந்த தண்ணீரோடு அவன் அக்காள் மாரிசெல்வி குளிப்பாட்டக் காத்திருந்தாள். பிறந்த வீட்டுப் பெண்கள் கடைசியாகத் தொட்டுச் செய்கிற காரியம் அது. உமாராணி குறுக்கே நின்றுகொண்டு, அவிழ்க்கக் கூடாது என்றாள். துணிக்கு மேலேயே நாலு சொட்டுத் தெளித்து எடுத்துப் போனார்கள். மாரிசெல்வியின் குடம் நிறைகுடமாகவே கொல்லைக்குத் திரும்பிப் போனது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் உமாராணியோடு பேச்சு இல்லை.

வருகிற வெள்ளிக்கிழமை தலைத்திவசம். வந்தால் கதவை அடைப்பேன் என்று மாரிசெல்வி ஆள் விட்டுச் சொல்லியிருந்தாள். அந்தக் கதவு திறக்க வேண்டும். உமாராணிக்கு வேண்டியது அது ஒன்றுதான். பேரணிக்கு அவள் வந்ததும் அதற்குத்தான். இடைசெவல் பாதையில், அந்த வீட்டுக்காரர்களின் பம்புசெட்டுப் பக்கம், மாரிசெல்வி மோர்ப்பந்தல் போட்டிருக்கிறாளாம். இத்தனை பேர் பார்த்திருக்க எப்படி முகத்தைத் திருப்புவாள் என்று உமாராணி கணக்குப் போட்டாள். கூட்டமே பிடிக்காதவள் கூட்டத்தையே துணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

விசில் ஊதியதும் கூட்டம் வாசலில் முண்டியது. ஹேண்டில்பார்கள் ஒன்றோடொன்று மாட்டின. யாரோ ஒருவனின் பெடல் அவள் கணுக்காலைச் சிராய்த்தது. அவன் திரும்பி, "பாத்து வரக் கூடாதாக்கா" என்று அவளையே சத்தம் போட்டான். அவன் நெஞ்சிலிருந்து சக்திகுமார் சிரித்தான். புதிய பேருந்து நிலையம் தாண்டுவதற்குள் நாலைந்து பேர் அவளோடு படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு கையை ஹேண்டில்பாரில் வைத்தபடி, ஓட்டிக்கொண்டே.

பின்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"இவதாம் அவ."

"எவ?"

"புருசன அறுக்கக் குடுத்தவ. பாத்தா அப்பிடித் தெரியல பாரேன்."

"பாத்தா எப்பிடித் தெரியணுமாம்?"

இருவரும் சிரித்தார்கள். உமாராணி வேகமாக மிதித்தாள். முன்னாலும் வழியில்லை. முதுகுகளில் சங்கத்தின் பெயர், வியர்வையில் ஒட்டிக்கொண்டு. இத்தனை பேரில் ஒருவருக்காவது அவன் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுவான் என்று தெரியுமா? பல்லில் மிளகாய் விதை மாட்டினால் நாள் முழுக்க நாக்கால் துழாவிக்கொண்டே இருப்பான் என்று தெரியுமா? அவனைத் தெரியாதவர்கள்தான் அவனை இப்படிப் போட்டுக்கொண்டு திரிய முடியும் என்று தோன்றியது. தானும் போட்டிருப்பது உடனே நினைவுக்கு வந்து உறுத்தியது.

நாலுவழிச் சாலையில் போக அனுமதி கிடைக்கவில்லை. அதனால் அண்ணாச்சி ஊர்களுக்குள் போகிற பாதையாகப் பார்த்து வைத்திருந்தார். அதில் ஒரு துண்டு, புதிதாகத் தார் போடுவதற்காகக் கிளறிப் போட்டிருந்த கரிசல். காய்ந்து கிடந்தபோது வந்து பார்த்துவிட்டுப் போனவர். முந்தாநாள் ராத்திரி மழை பெய்ததை அவர் கணக்கில் எடுக்கவில்லை. மேலே வெயில் பட்டுப் பாதை உலர்ந்த மாதிரிதான் இருந்தது. முதலில் போன ஐம்பது பேர் இறங்கியதும் அது வாயைத் திறந்தது.

கரிசல் சேறு வழுக்காது, பிடிக்கும். டயரில் சுற்றிச் சுற்றி ஏறி, மட்கார்டுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். அப்புறம் சக்கரம் சுற்றாது. பக்கத்து ஊர்க்காரர்கள் இறங்கி சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மக்காச்சோளக் காட்டு வரப்போடு நடந்தார்கள். டவுன்காரர்கள் தள்ளினார்கள். தள்ளத் தள்ளச் சேறு ஏறியது. பின்னால் வந்தவர்கள் அவர்கள் மேல் மோதினார்கள்.

"ஏலே, எடத்த விடுலே."

"எங்கன விட? ஒன் தலையில ஏத்தட்டுமா?"

"தருமத்துக்கு வந்தா கருமத்துல கொண்டு விட்டுட்டாரு அண்ணாச்சி."

அண்ணாச்சி மெகாபோனில், "பொறுமை, பொறுமை" என்றார். ஒருவன் அதைப் பிடுங்கப் போனான். ஆஸ்லின் விழுந்து எழுந்தாள். உமாராணி ஒரு கருவேலங்குச்சியை ஒடித்து மட்கார்டைக் குடைந்தாள். வழித்து எறிய எறியக் கையில் அப்பியது. கடைசியில் அவளும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வரப்பில் ஏறினாள்.

பம்புசெட்டுப் பக்கம் வந்து சேர்ந்தபோது கூட்டத்துக்கு நல்ல குணம் எதுவும் மிச்சம் இல்லை. மோர்த் தம்ளருக்கு அடித்துக்கொண்டார்கள். மாரிசெல்வி அண்டாவுக்குப் பின்னால் அகப்பையோடு நின்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை. உமாராணி நேராக அவள் முன்னால் போய் நின்றாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம் நாக்கில் தயாராக இருந்தது.

மாரிசெல்வி அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் நின்றவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மோரைக் குடித்துவிட்டு, சேற்றுக் கை இரண்டையும் நெஞ்சில் தேய்த்துத் துடைத்தான். அதற்கடுத்தவன் வயிற்றில் துடைத்தான். உமாராணியும் அப்போதுதான் பார்த்தாள். வந்தவர்கள் எல்லோரும் துடைத்திருந்தார்கள். கண்ணில், வாயில், மீசையில், கறுப்புக் கறுப்பாக. சேறு பட்ட கைக்குத் துணி வேண்டும். துணி அவன்தான்.

மாரிசெல்வி அகப்பையை அண்டாவின் மேல் குறுக்காக வைத்தாள்.

"ஏட்டி, ஒன் நெஞ்சப் பாரு."

உமாராணி குனிந்தாள். ஐந்து விரலும் தெளிவாக, நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் இழுத்திருந்தது. எப்போது துடைத்தோம் என்று அவளுக்கு ஞாபகமே இல்லை.

"ஊரான் தொடைப்பான். ஊரானுக்கு அது பனியன். ஒனக்கு?"

"தெரியாம பட்டுட்டு மைனி."

"ஒனக்கு எல்லாமே தெரியாமத்தான் நடக்கும். கையெழுத்தும் தெரியாமத்தான் போட்டியோ?"

"அது தெரிஞ்சுதான் போட்டேன். இன்னொருக்கக் கேட்டாலும் போடுவேன்."

மோருக்கு நின்றவர்கள் திரும்பினார்கள். ஒருவன் செல்போனைத் தூக்கிப் பிடித்தான். இத்தனை பேருக்கு முன்னால் என்று கணக்குப் போட்டது உமாராணிதான். இத்தனை பேரும் இப்போது அவளையே பார்த்தார்கள்.

"கழத்து" என்றாள் மாரிசெல்வி.

"மைனி, ஆளுக இருக்கு."

"கீழ துணி போட்டிருக்கேல்லா. கழத்துட்டி."

கழற்றினாள். தலைவழியாக இழுக்கும்போது சேறு அவள் வாயில் பட்டது. மாரிசெல்வி அதை வாங்கிக்கொண்டு, பம்புசெட்டுக்குப் பின்புறம் தொட்டிக்குப் போனாள். உமாராணி பின்னாலேயே போனாள். தொட்டிக் கல்லில் பனியனை மல்லாக்க விரித்து, செம்பில் மொண்டு, நெற்றியில் இருந்து கீழாக ஊற்றினாள் மாரிசெல்வி. அடித்துத் துவைக்கவில்லை. உள்ளங்கையால் தடவித் தடவி ஊற்றினாள். காதோரம். கழுத்து. அந்த மயில்கழுத்துத் துணுக்கு வந்தபோது கை தாண்டிப் போயிற்று. உமாராணி குனிந்து ஓரத்தை எடுத்துவிடக் கையை நீட்டினாள்.

"தொடாத."

கையை இழுத்துக்கொண்டாள். அன்றைக்குத் தான் சொன்ன சொல் எப்படி விழுந்திருக்கும் என்று தெரிந்தது. தெரிந்ததும் இரக்கம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

"வெள்ளிக்கிழம நான் வருவேன்."

"கதவ அடைப்பேன்."

"அடைங்க. வாசல்ல உக்காந்திருக்கேன்."

"இரி. நல்லா இரி. நான் நின்னேம்லா கொடத்த வச்சிக்கிட்டு, அதே மாதிரி நில்லு." செம்பு கல்லில் மோதியது. "தூக்கி வளத்தவ நானு. அவன் ஒடம்புல எந்த எடத்துல மச்சம் இருக்குன்னு எனக்குத் தெரியும். நேத்து வந்தவ நீ பாப்ப, எனக்குக் கெடையாது. நீ மட்டும் அவனப் பாத்துட்டு, அடக்கி வச்சிக்கிட்டு..."

"நான் பாத்தேன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

கத்திவிட்டாள். 

"ஆஸ்பத்திரியில கூப்பிட்டாங்க. பாக்கீங்களாம்மான்னு கேட்டாங்க. நான் போகல. கட்டியே குடுத்திருங்கன்னு சொல்லிட்டு நடையில உக்காந்திருந்தேன். நீங்க அவுத்தா நானும் பாக்கணும்லா. அதான் குறுக்க நின்னேன். போதுமா?"

மாரிசெல்வியின் கை பனியன் மேலேயே இருந்தது. செம்பில் மொண்ட தண்ணீர் அவள் மடியில் சரிந்து நனைத்தது. அவளுக்கு அது தெரிந்ததாக இல்லை. ஒரு வருஷமாக அவள் வெறுத்துக்கொண்டிருந்தது, தன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போய் அவனை ஆசைதீரப் பார்த்த ஒருத்தியை. அந்த ஒருத்தி இல்லை என்றாகிவிட்டது.

"அப்ப, அவன யாருமே பாக்கலியா?"

 இந்தக் கேள்வி உமாராணிக்கும் புதிது. மாரிசெல்விக்காவது வெறுக்க ஆள் இருந்தது. தனக்கு அதுவும் இருக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

ரோட்டில் மெகாபோன் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது. கயத்தாறில் மேடை காத்திருக்கிறதாம். அவளை வேனில் ஏற்றிக்கொண்டு போகிறார்களாம்.

மாரிசெல்வி எழுந்தாள். பனியனைப் பிழியாமல், சொட்டச் சொட்ட இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழம வெள்ளன வா" என்றாள். குரலில் கொஞ்சம்கூட இளக்கம் இல்லை. "வந்து இத அம்மைட்ட நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

"அத்தைட்டயா?"

"அவதான ஒரு வருசமா என்னயக் கேட்டுக்கிட்டு இருக்கா. துணிக்குள்ள எம்புள்ள எப்பிடிட்டி இருந்தான், அவன் பொண்டாட்டிக்குத் தெரியும், கேட்டுச் சொல்லுன்னு."

கதவு திறந்துவிட்டது.  அடைத்த வாசலில் உட்கார்ந்திருக்க உமாராணியால் முடிந்திருக்கும். திறந்த வாசலுக்குள் போய் அத்தையிடம் இதைச் சொல்ல வேண்டுமே.

மெகாபோன் மறுபடியும் கூப்பிட்டது. அவள் போகவில்லை. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, குச்சியை எடுத்து, மட்கார்டில் காய ஆரம்பித்திருந்த கரிசலைக் குடையத் தொடங்கினாள்.